ஆறாம் பக்கத்து உருகுநிலை

இராமநாதபுரத்தில் அந்தத் தனியார் பள்ளிக்கு வேலை கேட்டு வருபவர்கள் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு அல்ல. தாளாளரும் ஆசிரியர்களும் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து மாணவர்களாக நடிப்பார்கள். நடிப்பு சுமார்தான்; கொட்டாவி மட்டும் அசல்.

வாலிநோக்கத்திலிருந்து ஆறரை மணி பஸ் பிடித்து வந்த ஹாஃபிஸாவுக்கு இது நான்காவது பள்ளி. வேதியியலில் முதுகலையும் பி.எட்.டும் இருந்தன, வாய்தான் அடங்காது. முந்தைய மூன்று நேர்முகத்திலும் கேள்வி கேட்டவர்களையே திருத்திவிட்டு வந்தவள். இதுவும் கைநழுவினால் வேலை தேடியது போதும், மாப்பிள்ளை பார்க்கலாம் என்று வாப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்பு பள்ளியின் சொந்த நோட்ஸைக் கையில் கொடுத்தார்கள். ஆறாம் பக்கம், ஹைட்ரஜன் ஹாலைடுகள். கொதிநிலை, உருகுநிலை இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரி: ‘ஃப்ளோரைடே உச்சம்.’ நோட்ஸை எழுதிய வேதியியல் மூத்த ஆசிரியர் தர்மராஜ் முதல் பெஞ்சில் இருந்தார். ஆளை எடுப்பதும் விடுவதும் அவர் கையில்.

கொதிநிலை வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. குளோரைடு, புரோமைடு, அயோடைடு என்று மூலக்கூறு கனக்கக் கனக்கக் கொதிநிலை ஏறும். அந்தக் கணக்குப்படி எல்லாவற்றிலும் லேசான ஃப்ளோரைடு அடியில் கிடக்க வேண்டும். ஆனால் அதன் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்வதால், பத்தொன்பது டிகிரியில் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. தர்மராஜ் தலையாட்டினார்.

அடுத்தது உருகுநிலை. ஹாஃபிஸாவின் சாக்பீஸ் நின்றது. நோட்ஸில் இருப்பதை எழுதிவிட்டால் வேலை நிச்சயம். எழுதத்தான் கை வரவில்லை.

“சார், உருகுநிலைக்கு இந்த வரி பொருந்தாது. அங்க அயோடைடுதான் உச்சம். மைனஸ் அம்பத்தொண்ணு. ஃப்ளோரைடு மைனஸ் எண்பத்திமூணுதான்.”

கொட்டாவிகள் பாதியில் நின்றன. “இருபத்திரெண்டு வருசமா இந்த நோட்ஸ்தாம்மா இங்கன ஓடுது” என்றார் தர்மராஜ்.

தாளாளர் கைப்பேசியில் தட்டிப் பார்த்தார். “அந்தப் பிள்ள சொல்றது சரிதான் போலயே சார்.”

தர்மராஜின் முகம் இறுகியது. “சரி. அப்ப ஹைட்ரஜன் பிணைப்பு எங்க போச்சு?”

புலிவாலைப் பிடித்தாயிற்று, இனி விட முடியாது. “எங்கயும் போகல சார். ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு கூட்டத்துல பிள்ளைக கையைக் கோத்துக்கிட்டே நகர்றாகள்ல? உருகுறது அந்த மாதிரி. பிடி பெரும்பாலும் விடாமலே நகர்ந்துரலாம். அதனால பிணைப்பு இருந்தும் உருகுநிலை ரொம்ப ஏறல. ஆவியாப் போகணும்னாத்தான் பிடியை விட்டாகணும். கொதிக்க வைக்கிறதுதான் கஷ்டம்.”

தர்மராஜ் குனிந்து சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதாக ஹாஃபிஸாவுக்குத் தோன்றியது. கைப்பையை எடுத்துக்கொண்டு, “வாரேன் சார்” என்றாள்.

“எங்கன போறீங்க?” தர்மராஜ் நோட்ஸை விரித்து, ஆறாம் பக்கத்து வரியைப் பேனாவால் மெதுவாகக் கோடிட்டு அடித்தார். தலை நிமிரவில்லை. “நாளைக்கு மொதப் பீரியடு ப்ளஸ் டூ. ரெண்டு பேரும் போவோம். தப்புன்னு நான் சொல்லிர்றேன். ஏன் தப்புன்னு நீங்க சொல்லுங்க.”