பஜ்ஜித் தட்டும் இங்கிலீஷ் பேப்பரும்

"இதை வாசிம்மா, சத்தமா" என்று மாப்பிள்ளையின் அம்மா அமராவதி கைப்பையிலிருந்து ஓர் இங்கிலீஷ் பேப்பரை உருவி நீட்டியபோது, இசைவாணி பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு காலத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னார்கள். திருமயத்தில் இப்போது அமெரிக்க மாப்பிள்ளை என்றால் இங்கிலீஷ் பரீட்சை. இசைவாணி ஏற்கெனவே இரண்டு தடவை பெயில். தமிழ் மீடியத்தில் படித்தவள். படித்தால் புரியும், வாய்விட்டு வாசித்தால் நாக்கு தடுக்கும். இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் அப்பா தெருவில் தலைகாட்ட மாட்டார். அதை நினைத்தால்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"எம் பொண்ணு ஸ்பானிஷ் நல்லாப் பேசுங்க" என்றார் அப்பா குணசேகரன், அவசரமாக. "புதுக்கோட்டையில ஆபீஸு. அமெரிக்கா ஆஸ்பத்திரிக்கு வர்ற ஸ்பானிஷ் போனெல்லாம் இவதான் எடுக்குறா."

அமராவதி முகத்தைச் சுளித்தாள். "அது அங்கிட்டு வீட்டு வேலைக்கு வர்றவங்க பேசுறதுன்னு எம்மகன் சொல்லியிருக்கான். நமக்கு எதுக்குங்க அது?"

அந்த மகன் நிலவழகன், சொம்பில் சாய்த்து வைத்த செல்போனுக்குள் டெக்சாஸிலிருந்து தலையாட்டினான். இங்கே சாயங்காலம், அங்கே காலை. அந்த நேரம் பார்த்து அவன் வீட்டுக் கதவைத் தட்டி ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். கையை ஆட்டி ஆட்டிப் படபடவென்று பேசினாள். அவன் "ஓகே, ஓகே, தேங்க்யூ" என்று சிரித்தான்.

"ஹவுஸ் ஓனரும்மா. கீழ் வீடு. ரெண்டு வாரமா தெனமும் வந்து விசாரிச்சிட்டுப் போறாங்க. பாசக்காரங்க" என்றான்.

இசைவாணிக்குச் சிரிப்பு முட்டியது. தட்டை வைத்துவிட்டுக் குனிந்து, "புவெனோஸ் தியாஸ், செஞோரா" என்று ஸ்பானிஷில் வணக்கம் சொன்னாள். அந்த அம்மாள் திகைத்து நின்றாள். பிறகு அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, பிறந்த ஊர்க்காரியைக் கண்டவள் போல மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"ஒங்க பாத்ரூம் தண்ணி அவங்க அடுப்படியில ஒழுகுதாம்" என்றாள் இசைவாணி. "ரெண்டு வாரமா அதத்தான் சொல்றாங்களாம். நீங்க சிரிச்சு சிரிச்சு தேங்க்யூ சொல்றீங்களாம். இன்னிக்கு வீட்டக் காலி பண்ணச் சொல்ல வந்திருக்காங்க."

குணசேகரன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இசைவாணியே கெஞ்சிக் கூத்தாடி, ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கிக் கொடுத்தாள்.

"பரவால்லயே!" அமராவதிக்கு வாயெல்லாம் பல். "அங்க போனா எம்மகனுக்கு ஒத்தாசையா இருப்பா. சரி, இப்ப இதை வாசிச்சிரும்மா, ஒரு முறைக்கு."

இசைவாணிக்கு வந்த அழுகை போய்க் கோபம் வந்தது. பேப்பரை வாங்கி இரண்டாக மடித்தாள். தட்டில் விரித்து, எண்ணெய் சொட்டும் பஜ்ஜிகளை அதன்மேல் அடுக்கினாள்.

"எடுத்துக்கங்க அத்தை, ஆறிப்போயிரும்" என்று நீட்டிவிட்டு, செல்போன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அவங்க பாஷையில, சத்தமா. தப்பில்லாம வந்துச்சுன்னா அப்பறம் கல்யாணப் பேச்சை எடுப்போம்."

எம்.எஸ். படித்த மாப்பிள்ளை வாயைத் திறந்தான். நாக்கு தடுக்கியது.