விட்டுவிட்ட ஆறு கட்டங்கள்

மணி ஒன்று பத்து. மூன்று மணிக்கு ஒசாகாவிலிருந்து வாடிக்கையாளர்கள் வருகிறார்கள்.

ஷின்ச்சு நகரத்து லென்ஸ் ஆலையின் பரிசோதனை அறையில் பெய்-ஷின் ஒரு கணினி முன் உட்கார்ந்திருந்தாள். கணினியின் தலைமேல், இயந்திரம் சமத்தாக ஓடட்டும் என்று எல்லோரும் வைக்கிற பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம். லென்ஸில் கீறல் கண்டுபிடிக்கும் நிரல் மூன்று மணிக்கு இதில் ஓட வேண்டும். ஓடினால் அவள் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் வேலையே இல்லை. பிரிவுத் தலைவர் யென் காலையில் இதை வானிலை அறிக்கை மாதிரி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நிரலுக்கு வேண்டிய தொகுப்பு ஒன்றில் பாதி சி மொழியில் எழுதியது. ஆலைக்குள் இணையம் கிடையாது. தொகுப்பை இங்கேயே கம்பைல் செய்தாக வேண்டும், அதாவது கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்ற வேண்டும். கம்பைலரை வட்டில் கொண்டுவந்து நிறுவினாள். அது ஒழுங்காக உட்கார்ந்தது. தொகுப்பைக் கொடுத்தாள். சிவப்பில் ஒரு பிழை வரி. மூன்று முறை, அதே வரி.

படம் எடுத்து அனுப்ப வழியில்லை. போன் கேமராமேல் வாசல் காவலர் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. வரியைத் தாளில் எழுதிக்கொண்டு, மாடியில் இருந்த கோ-வெய்யை அழைத்தாள். நிரலை எழுதியவன் அவன்.

"முதல்ல அந்தச் சோளப்பொரிப் பொட்டலம் காலாவதி ஆச்சான்னு பாரு."

"அடுத்த மாசம் வரைக்கும் இருக்கு. விளையாடாத."

"அப்ப படி."

படித்தாள். கோப்பைத் திறக்க முடியவில்லை, பயனர் கோப்புறை, தற்காலிகக் கோப்புறை.

"நடுவுல ஏதோ முழுங்குறியே."

"ஒண்ணுமில்ல, ஆறு கட்டம் கட்டமா குப்பை. அதை விட்டுட்டேன்."

"அம்மா தாயே, அந்தக் குப்பையத்தான் கேக்குறேன்!"

சீன எழுத்து உடைந்து கட்டங்களாக நிற்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்த கண் அது. பார்த்ததும் தாண்டிப் போய்விடும். பெய்-ஷின் திரையை மறுபடி பார்த்தாள். அந்த ஆறு கட்டங்கள் இருந்த இடத்தில் இருக்க வேண்டியது ஒரு மனிதரின் பெயர்: யென் ஜுன்-லோங்.

முதல் நாள் கணினியை இயக்கியபோது தலைவர் பயனர் கணக்குக்குத் தன் பெயரைச் சீன எழுத்திலேயே தட்டியிருந்தார். எல்லாமே அந்தப் பெயருக்குக் கீழே இருந்தது. வேறு இடத்தில் எழுத ஆலை விதி விடாது. புதுக் கணக்கு வேண்டும். கடவுச்சொல் தலைவரிடம் மட்டும்.

"அவர் பேர்தான் கோளாறுன்னு அவர்கிட்டயே சொல்லப்போறியா?" என்றான் கோ-வெய். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லு. தேதியைத் தள்ளிவைப்பாங்க."

"தள்ளிவெச்சா என்னையும் சேத்துத் தள்ளிடுவாங்க."

மணி ஒன்று நாற்பது. கூட்ட அறையில் யென் டை கட்டிக்கொண்டிருந்தார். விற்பனைப் பிரிவினர் இருவர் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

"சார், உங்க பேரால கம்பைல் ஆகல."

டை பாதியில் நின்றது. "என் பேருக்கு என்ன?"

"ஃபோல்டர் பேர் சீனத்துல இருக்கு. தொகுப்பைக் கட்டுற நிரலுக்கு அதைப் படிக்கத் தெரியல. இங்கிலீஷ் எழுத்துல புதுக் கணக்கு வேணும்."

"போன வருஷம்தான் ஜோசியர்கிட்ட எழுத்துல எத்தனை கோடுன்னு எண்ணிப் பாத்து மாத்தின பேர்மா. தொழில்ல தடையே வராதுன்னாரு."

கோப்பை ஒன்று தட்டில் மோதியது. விற்பனைக்காரர் ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவர்கிட்ட கம்ப்யூட்டர் இருக்காது சார்," என்றாள் பெய்-ஷின்.

யென் டையை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கினார். பொட்டலத்தை ஓரம் நகர்த்திவிட்டு உட்கார்ந்து, ஒரு விரலால் கடவுச்சொல்லைத் தட்டினார். புதுக் கணக்கின் பெயர்: test1.

இரண்டு மணி ஐந்துக்குக் கம்பைல் தொடங்கியது. வரிகள் ஓடின. இரண்டு முப்பத்தெட்டுக்கு நின்றன. சிவப்பு எதுவும் இல்லை. மூன்று மணிக்கு ஒசாகாக்காரர்கள் நான்கு பேர் குனிந்து பார்க்க, பதினோராவது லென்ஸில் முடியளவு கீறலைத் திரை வட்டமிட்டுக் காட்டியது.

மாலையில் பணி நிரந்தரத் தாள் மேசைக்கு வந்தது, கையெழுத்தோடு.

மறுநாள் காலை கணினியின் ஓரத்தில் புதுச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது: "கணக்குப் பெயரில் சீன எழுத்து கூடாது." கீழே முழுப்பெயர், சீனத்தில்: யென் ஜுன்-லோங்.