ஹர்த்தால் நாளில் ரப்பர் விலை

1

இந்தக் கதை எனக்குப் பனச்சமூடு சந்திப்பில் ஒரு சுவரிலிருந்து கிடைத்தது. வாசகசாலை ஆண்டுவிழா நோட்டீஸ். தலைமை ஒருவர், வரவேற்பு ஒருவர், வாழ்த்துரைக்கு ஒரு படை, நன்றிக்கு ஒருவர். இத்தனை பேரும் மேடையேறிவிட்டால் கீழே உட்கார ஊரில் யார் மிச்சம் என்று யோசித்தபடியே பஸ் ஏறினேன். வெள்ளறடை வருவதற்குள் சதாசிவன் என்ற கதாபாத்திரம் முழு உருவத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

தொடக்கம்தான் தகராறு.

‘1999. பாறசாலையில் மழை பெய்துகொண்டு—’

வேண்டாம். கதை முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் நடக்கிறது. மழைக்கு இங்கே வேலையில்லை.

‘உலகமே ஒரு கிராமமாகச் சுருங்கிவிட்ட இந்தக் காலகட்டத்தில்—’

இது சதாசிவனின் மேடைப் பேச்சு. அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

லேகா நாற்காலியைத் தள்ளிவிட்டுத் துள்ளி எழுந்தாள்.

ஆ, இதுதான்.

2

“சார்! ஓடுது! தன்னால ஓடுது!”

பிரிண்டர் கரகரவென்று பக்கம் பக்கமாகத் துப்பியது. லேகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

(என்ன ஓடியது என்று சொல்லாமல் அவளைத் துள்ளவிட்டது என் அவசரம்.)

சதாசிவனுக்குப் பாறசாலையில் ஒரு கட்டடம்: கீழே அச்சகம், மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். மாடியில் லேகா, திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றுக்காக விலை சொல்லும் புரோகிராம்கள் எழுதியிருந்தாள்: ரப்பர், நல்லமிளகு, கொப்பரை. எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் இன்டர்நெட் வழியாகப் பொருளையும் தேதியையும் கேட்டால், இது விலையைச் சொல்லும். (வெப் ஏ.பி.ஐ. என்ற கம்பீரமான பெயர் பாறசாலைக்கு வந்துசேர்ந்தது பிற்பாடு.) முன்பின் தெரியாதவனும் படித்துப் பயன்படுத்தும்படி ஒவ்வொன்றுக்கும் விளக்கப் பக்கம் வேண்டும் என்றது கம்பெனி. கையால் எழுதி அலுத்த லேகா, அந்தப் பக்கங்களைச் செய்வதற்கே ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள். அது மற்ற புரோகிராம்களைப் படிக்கும், தலைப்புகளைப் போடும், தெரிந்ததை நிரப்பும், தெரியாத இடத்தைக் காலியாக விடும். பெயர். கேட்க வேண்டியது. கிடைப்பது. தவறினால்.

கம்பெனி இதை ஏற்றுக்கொண்டால் அவளுக்கு முழுநேரமும் புரோகிராம் வேலை. சதாசிவன் வாக்குக் கொடுத்திருந்தார். ஏற்காவிட்டால் கீழே அச்சகத்தில் கல்யாணக் கார்டு. ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று ஊர்க் கல்யாணம் அத்தனைக்கும் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

3

[சதாசிவன் கொஞ்சம் மிகை என்று எனக்கே படுகிறது. குறைத்து எழுதிப் பார்த்தேன். வெட்டிய வரிகளைத் திரும்பக் கேட்கிறார்.]

அவர் ஒரு பக்கத்தை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“மக்கா, இதில ஒரு மரியாதையே இல்லியே. யாரு அத்யட்சன்?”

“புரோகிராமுக்கு எதுக்கு சார் அத்யட்சன்?”

“ஒரு கோழிக்கடை திறந்தாலே தலைமை தாங்க ஆளு உண்டு. இன்டர்நெட்டுக்கு வேண்டாமா?”

லேகா ஒரே ஒரு வரி சேர்த்தாள். எல்லாப் பக்கத்தின் தலையிலும் ‘தலைமை: சதாசிவன், நிர்வாக இயக்குநர்’* என்று வந்து உட்கார்ந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து அவர் விரல் கடைசித் தலைப்பில் நின்றது.

“தவறினால்... இது என்னத்துக்கு?”

“விலை கிடைக்காட்டி என்ன பதில் வரும்ணு எழுதணும்லா.”

“நல்லாயிருக்கு பிள்ளே! பெண்ணு பாக்க வாறவங்கிட்ட நாமளே போயி, இவளுக்குக் கோவம் வந்தா சட்டியை எறிவாண்ணு சொல்லுவோமா? எடு அதை.”

“கேக்குறவனுக்குத் தெரியண்டாமா சார்?”

“எடுண்ணா எடு.”

எடுத்தாள்.

* அவர் நிர்வகித்தது லேகாவையும், கீழே அச்சுக் கோக்கும் ராஜப்பனையும். ராஜப்பன் பெரும்பாலும் டீக்கடையில்.

4

மறுநாள் கம்பெனி எஞ்சினியர் பிரதீஷ் வந்தார். நெய்யாற்றங்கரைக்காரர். சதாசிவன் போர்த்திய பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

“எல்லாப் பக்கத்திலயும் நீங்க உண்டு சார்.”

“நம்ம கடமையாக்கும்.”

“சரி. கேரளா முழுக்கக் கடையடைக்கிற ஹர்த்தாலன்னைக்கு ரப்பர் விலை கேட்டா இது என்ன சொல்லும்?”

“ஹர்த்தாலுக்கு எந்த மடையன் விலை கேப்பான்?”

“பனச்சமூட்டில ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடுல்லா? அவன் கடையைத் திறந்துதான் வெச்சிருப்பான். அவன் கேப்பான்.”

சதாசிவன் மேடையை லேகாவிடம் விட்டுக்கொடுத்தார். (அவரைத் தெரிந்தவர்கள் இந்த வரியை நம்பமாட்டார்கள்.) லேகா போன ஹர்த்தால் தேதியைத் தட்டினாள். திரை வெளுத்துக் கிடந்தது. விலையும் இல்லை, விலை இல்லை என்ற பதிலும் இல்லை. அவள் எழுதிய புரோகிராம்தான். அப்படி ஒரு நாளை அவளும் யோசித்ததில்லை.

இங்கே எனக்குச் சில வழிகள் இருந்தன:

லேகா மறைத்து வைத்திருந்த சரியான பிரதியை எடுத்து நீட்டுகிறாள், எல்லோரும் கைதட்டுகி— சினிமா.

கரண்ட் போகிறது. மூவரும் தப்பிக்கிறார்கள், நானும். கேவலம்.

5

லேகா எடுத்துப் போட்ட தலைப்பைத் திரும்ப வைத்தாள். படபடவென்று அடித்தாள்.

‘தவறினால்: ஹர்த்தால் நாளில் பதில் வராது. எழுதியவள் யோசிக்கவில்லை. திருத்தப்படும்.’

பிரிண்டர் இரைந்தது. சதாசிவன் அவள் காதருகே குனிந்தார். அவருடைய ரகசியம் கீழே அச்சகம்வரை கேட்டது.

“மக்கா, இந்த ஒரு பக்கத்தில மட்டும் என் பேரு வேண்டாம்.”

“முடியாது சார். எல்லாத்துக்கும் ஒரே அச்சாக்கும். நீங்க சொன்னதுதான்.”

பிரதீஷ் தாளை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார்.

கதையின் ஒரு பிரதியில் அவரை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடவைத்தேன். இன்னொன்றில் கையெழுத்தில்லாமல் நெய்யாற்றங்கரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இரண்டிலும் லேகா நிமிர்ந்தே பார்க்கவில்லை. முழுநேர வேலையா, கல்யாணக் கார்டா என்பது தொங்கிக்கொண்டிருந்தபோதே அவளுக்கு அது மறந்துபோயிருந்தது. ஒரு ஓட்டை அகப்பட்ட சந்தோஷத்தில், அடுத்தது எங்கே என்று விரல்கள் தேடிக்கொண்டிருந்தன. பொருள்: கொப்பரை. தேதி: திருவோணம். அன்றும் சந்தை கிடையாது.

“சார், இதுக்கு என்ன சொல்லும்ணு பாப்போமா?”

பிரதீஷ் பொன்னாடையைத் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். சதாசிவனும் தலையை நீட்டினார்.

மூன்று தலைகளை ஒரு திரைக்கு முன் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. என்னால் ஆனது இவ்வளவுதான். எண்டரை அமுக்க வேண்டியது நீங்கள்.