சாயங்கால மாத்திரை

அப்பாவுக்குப் போட்டுவிட நல்ல சட்டையாக ஒன்றைத் தேடி அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தாள் மகள். இருந்தவை எல்லாம் காலர் நைந்தவை. ஊருக்கே மருந்து விற்ற மனுஷனுக்குத் தனக்கென்று ஒரு சட்டை வாங்க மனசு வந்ததில்லை.

"நீலச் சட்டை மாடிக் கொடியில கிடக்கு பாரு" என்று கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

மாடிக்குப் போய்ச் சட்டையை உதறி மடித்தபோது பையில் ஏதோ விறைப்பாகத் தட்டுப்பட்டது. பாதி தீர்ந்த பிரஷர் மாத்திரை அட்டை. எடுக்க மறந்து சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டார்கள். தூக்கி எறியப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். அட்டையின் ஓரத்தில் மையால் குத்தியிருந்த காலாவதித் தேதி சோப்புத் தண்ணீரில் கரைந்து ஒழுகியிருந்தது. அதற்கு அடியில், தகட்டில் அழுத்திப் பதித்த வேறொரு தேதி. வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். போன வருஷமே முடிந்துபோன தேதி.

படிக்கிற காலத்தில் விடுமுறைக்கெல்லாம் கடையில் உட்கார்ந்தவள் அவள். காலம் கடந்த மாத்திரைகளை அப்பா தனியே எடுத்துப் பெட்டியில் போட்டு, கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவதைப் பார்த்தே வளர்ந்தவள். அந்தப் பெட்டியில் போய்ச் சேர வேண்டியது சட்டைப் பைக்கு எப்படி வந்தது?

காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட கேள்வி இப்போது திரும்ப வந்தது. "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போட்டுக்கிட்டாரா?" அம்மா அடித்துச் சொன்னாள்: "ஒரு வேளை தவறினதில்ல டாக்டர்." அவர் அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சட்டையைத் தோளில் போட்டு, அட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டு கீழே இறங்கினாள்.

வாசலில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. கடையில் வேலை பார்க்கும் பையன்தான் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தான். வண்டிக்குச் சொன்னது, பந்தல் போட்டது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது எல்லாம் அவன்தான். தெருவில் அவனுக்குச் 'சின்ன முதலாளி' என்றே பேர். அப்பா அவனிடம் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு மத்தியானம் நிம்மதியாகத் தூங்குவார். ஒரு தடவை அவள், "எதுக்கும் ஒரு கண்ணு வச்சுக்கோங்கப்பா" என்றதற்குச் சிரித்தார். "மருந்துக்கடையே நம்பிக்கைதானம்மா. வாங்குறவங்க பரிசோதிச்சா வாங்குறாங்க?"

"பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்காது" என்று யாரோ சொன்னார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே நாற்காலியை நகர்த்தினான்.

எதிர்வீட்டுத் தையல்காரர் அவளிடம் வந்து நின்றார்.

"போன மாசம்தாம்மா கடைக்கு வந்து சண்டை போட்டேன். எங்கம்மாவுக்குப் பிரஷர் இறங்கவே மாட்டேங்குது, உங்க மாத்திரை சரியில்லண்ணேன்னு. அண்ணன் கோபப்படல. 'நம்ம தம்பி பார்த்துப் பார்த்து அடுக்குற மருந்துப்பா, சந்தேகமே வேணாம். இன்னையிலேருந்து நானும் இதுலேருந்தே போடுறேன்'னு அதே டப்பாவுல ஒரு அட்டையைப் பிரிச்சு என் கண்ணு முன்னாடியே வாயில போட்டுக்கிட்டாரு. எனக்கு வெக்கமாப் போச்சு."

அவள் கேட்டாள், "உங்கம்மா இப்பவும் அதைத்தான் போடுறாங்களா?"

"ஆமாம்மா. வேற எங்க போவோம்?"

அவள் திரும்பிப் பையனைப் பார்த்தாள். "கொஞ்சம் உள்ள வா."

சமையலறையில் அடுப்பு அணைந்து கிடந்தது. அவள் அட்டையை மேடையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். அப்புறம் ஜன்னலைப் பார்த்தான். அழுத கண் சட்டென்று காய்ந்துபோயிற்று.

"எத்தனை நாளா?"

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"கேக்குறேன்ல?"

"திருப்பி அனுப்புறதை அனுப்பாம, தேதியை மாத்தி அலமாரியில வச்சேன்க்கா. புதுசா வர்றதை வெளிய ஒருத்தர் எனக்குக் காசு கொடுத்து எடுத்துப்பாரு." அவன் குரல் தாழ்ந்தது. "பழசுன்னா விஷமில்லக்கா. கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான். எல்லா எடத்துலயும் நடக்குறதுதான்."

"அப்பா அதுலேருந்து போட்டுக்கிட்டது உனக்குத் தெரியுமா?"

அவன் மூக்கை உறிஞ்சினான்.

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்."

"அன்னைக்கு மட்டுமா?"

"தினமும் கடையிலதான் போடுவாரு. நான்தான் தண்ணி ஊத்திக் கொடுப்பேன். சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வரும்க்கா. அவர் தம்பின்னு கூப்பிடுவாரு. அப்படியே முழுங்கிடுவேன்."

அவனை அறையத்தான் கை துடித்தது. ஆனால் அதற்கும் மேலே ஒரு பயம் வந்தது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் கடையின் வாடிக்கைக்காரர்கள். துக்கம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அப்பாவை நினைத்துக்கொண்டே சாயங்கால மாத்திரையைப் போட்டுக்கொள்வார்கள்.

"எந்தெந்த மருந்து?"

"பிரஷர். சர்க்கரை. இருதயத்துக்குப் போடுறதுல ஒண்ணு." கொஞ்சம் யோசித்தான். "வலிப்புக்கும் கொஞ்சம் இருந்துச்சு."

சமையலறை வாசலில் நிழல் தட்டியது. சித்தப்பா. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. முகம் வெளிறியிருந்தது. கதவைச் சாத்தினார்.

"முதல்ல அண்ணனை வழியனுப்புவோம். மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்கா? இன்னைக்கு ராத்திரி யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா, சித்தப்பா?"

"இவ்வளவு நாள் ஆகாதது இன்னைக்கா ஆகிடப் போகுது?"

சொல்லி முடிப்பதற்குள், அண்ணனுக்கு இன்றுதான் ஆகியிருக்கிறது என்று அவருக்கே உறைத்தது. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு அவள் கையைப் பிடித்தார்.

"அண்ணன் பேரு நாறிடும்மா. ஆயுசு பூரா சம்பாதிச்சது அது ஒண்ணுதான். கெட்ட மருந்து வித்தவன்னு ஒரு வார்த்தை கிளம்பிட்டா அதோட முடிஞ்சது. பொணத்தைக் கூடத்துல வச்சுக்கிட்டு இதைப் பேசணுமா?"

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தால் அப்பாவின் கால் தெரியும். பித்தவெடிப்பு விழுந்த கால். நாள் பூரா கல்லாவுக்குப் பின்னால் நின்றே தேய்ந்த கால்.

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆட்கள் எழுந்தார்கள்.

அவள் சட்டையை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு நேராக வாசற்படிக்குப் போனாள்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் இருங்க. எங்க கடையில மாத்திரை வாங்கினவங்க யாரும் அதைப் போட்டுக்காதீங்க. காலாவதியான மாத்திரை தேதி மாத்தி வித்திருக்கு. எங்கப்பாவும் அதைத்தான் சாப்பிட்டாரு. தயவுசெஞ்சு வீட்டுக்குப் போய் இருக்குறதை எடுத்துட்டு வாங்க. வராதவங்களுக்கும் சொல்லுங்க."

ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஒரு பெண் ஓடினாள், அவள் பிள்ளைக்கு வலிப்பு. அதற்குப் பிறகு எல்லோரும் ஒன்றாய் எழுந்தார்கள். "கடைசியில இவருமா?" என்று போகிற போக்கில் ஒருவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. அம்மாவின் காதிலும் விழுந்திருக்கும். அம்மா சட்டையை விரித்து, ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

வாசல் காலியாயிற்று. வண்டி ஓட்டுகிறவன் ஒன்றும் புரியாமல் எஞ்சினை அணைத்தான்.

பையன் சமையலறையிலிருந்து வெளியே வந்தான். ஓடிவிடுவான் என்று நினைத்தாள். சித்தப்பா அவன் தோளைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "வர்றதை எல்லாம் நீதான் பிரிச்சுக் காட்டணும்" என்றார்.

முதலில் தையல்காரர் வந்தார், ஒரு கையில் பிளாஸ்டிக் பை, இன்னொரு கையில் அவருடைய அம்மா. அந்தக் கிழவி அப்பாவைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு மகனிடமிருந்து பையை வாங்கி ஸ்டூலில் கவிழ்த்துவிட்டு, வாசற்படியில் நின்றவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நான் இன்னைக்கு எதைப் போட்டுக்கிறதும்மா?"

அவள் தெருவைப் பார்த்தாள்.

காலியான நாற்காலிகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் எழுந்து போகாமல் இருந்தார். மேலத்தெரு மருந்துக்கடைக்காரர். வருஷக்கணக்காக அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாதவர். துக்கத்துக்காக இன்று தன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அவர் மெல்ல எழுந்து, கிழவியின் அட்டைகளில் மருந்துப் பேரைப் படித்துவிட்டு, அப்பாவின் அருகே ஒரு கணம் நின்றார். கழற்றி வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் நடந்தார்.

சற்று நேரத்தில் மேலத்தெருப் பக்கம் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது.