திரைக்கு வெளியே ஒரு கட்டம்

நின்றுபோன லிஃப்டிலிருந்து மகளோடு வெளியே வந்த மனிதர் யாரையும் திட்டவில்லையாம். மகளின் ஒற்றைச் செருப்பைத்தான் தேடினாராம். குழந்தை அதைக் கழற்றிக் கதவில் தட்டித் தட்டி, எந்த இடுக்கிலோ தவறவிட்டிருக்கிறது. லிஃப்ட் கம்பெனியின் புகார் அறை வாசலில் நின்று, கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி மெக்கானிக் இதைச் சொன்னார்.

"திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல சார். 'பாப்பா செருப்பு, பாப்பா செருப்பு'ன்னு என் டார்ச்சைக் கேக்குறாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அவருக்குப் போன புகாரில் உள்ளே ஆள் இருப்பதாக இல்லை. லிஃப்ட் நின்றுவிட்டது என்று மட்டும்தான் இருந்தது. அதனால் வழியிலிருந்த வேறொரு வேலையை முடித்துவிட்டு நிதானமாகப் போயிருக்கிறார்.

மேலாளர் புகாரைத் திரையில் எடுத்துப் பார்த்தார். 'உள்ளே ஆள்' என்ற கட்டத்தில் டிக் இல்லை. அதற்கு முந்தைய கட்டமான 'பராமரிப்பு ஒப்பந்த'த்தில் டிக் இருந்தது. அந்தக் கட்டடத்துக்கு ஒப்பந்தமே கிடையாது. அழைப்பை எடுத்தவள் அண்ணி. படிவத்தை வரைந்து, போன வாரம் அழைப்பெடுக்கும் மூன்று கணினிகளிலும் ஏற்றியவள் அண்ணியின் நாத்தனார். வீட்டுக்குக் கடைசிப் பெண் என்பதால் முப்பது வயதைத் தாண்டியும் குட்டி என்றுதான் பெயர். அண்ணி அலுவலகத்திலும் அப்படியே கூப்பிட்டு, இப்போது மெக்கானிக்குகள் வரைக்கும் அது பரவிவிட்டது. மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆளோட தப்பா, படிவத்தோட தப்பா? சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். படிவம்னா படிவத்தை மாத்துங்க. ஆளுன்னா, ஆளை மாத்திடலாம்."

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் குட்டிக்கு உறுத்தியது. அண்ணி ஒன்றும் சொல்லாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. புதுப் படிவத்தை ஏற்றிய அன்றுகூட, "வீட்டுல ஒரு டம்ளரைக் கழுவிக் கவுத்தத் தெரியாது, இங்க வந்து எனக்குக் கட்டம் போட்டுக் குடுக்குறா" என்று அறையே சிரிக்கும்படி சொன்னவள்.

படிவத்தில் தப்பு இருக்கும் என்று குட்டிக்குத் தோன்றவில்லை. பழையது பரண் மாதிரி இருந்தது. கேள்விகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நீண்டு, உருட்டிக்கொண்டே போக வேண்டும். இப்போது மூன்று மேசைக்கும் அகலமான திரைகள் வந்துவிட்டன. அதனால் இரண்டு பத்தியாகப் பிரித்தாள். இடது பக்கம் கட்டடம், விலாசம், தொலைபேசி. வலது பக்கம் ஒப்பந்தம், உள்ளே ஆள், குறிப்பு. எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தன. பக்கத்தை நகர்த்தும் உருட்டுப் பட்டை இனி எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டாள். ஓரத்தில் அது சாம்பல் நிறத்தில் தொங்குவது அவளுக்கு அசிங்கமாகப் பட்டது. முடித்த அன்று தூரப் போய் நின்று, கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள்.

மதியம் அழைப்பெடுக்கும் மற்ற இருவரும் சாப்பிடப் போனார்கள். அண்ணி தண்ணீர் பிடிக்க எழுந்து போனதும் குட்டி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே ஏதோ இடித்தது. திரை மேசையின் விளிம்புவரை இழுக்கப்பட்டு முகத்துக்கு நேராக, மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. விசைப்பலகைக்கு இடமில்லாமல் அது மடியில் கிடந்தது. படிவத்தைத் திறந்தாள். கட்டடம், விலாசம், தொலைபேசி மூன்றும் கடைப் பலகை மாதிரி பெரிய எழுத்தில் வந்து நின்றன. வலது பத்தி இல்லை. 'பராமரிப்பு ஒப்பந்தம்' என்பதில் முதல் எழுத்து மட்டும் ஓரத்தில் அறுந்து தெரிந்தது.

திரை பெரியதுதான். ஆனால் அதன் ரெசல்யூஷனை, அதாவது திரையில் கொள்ளும் அளவை, யாரோ மிகவும் குறைத்து, எழுத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். இந்த அளவில் அவள் படிவம் பாதிதான் கொள்ளும். மீதிப் பாதியைப் பார்க்க வழியே இல்லை. உருட்டுப் பட்டையை எடுத்தது யார்? அவள்தான்.

அப்படியானால் ஒரு வாரமாக அண்ணி இதை எப்படி நிரப்பினாள்? குட்டி விசைகளைப் பார்த்தாள். அடுத்த கட்டத்துக்குத் தாவ உதவும் டேப் விசை மட்டும் விரல் பட்டுப் பட்டு வழுவழுவென்று மினுங்கியது. கண்ணுக்குத் தெரியாத கட்டங்களை அண்ணி விரலால் எண்ணிக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த கட்டம், இன்னொரு தட்டில் அதற்கும் அடுத்தது. வந்து சேர்ந்ததாக நினைத்த இடத்தில் டிக். போன் வழியாக ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது, எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிட்டது.

"எழுந்திரு குட்டி. என் சீட்டைச் சூடு பண்ணாதே."

அண்ணி பாட்டிலுடன் பின்னால் நின்றாள். குட்டி எழுந்திருக்கவில்லை.

"எவ்ளோ நாளா அண்ணி?"

"என்னது?"

"கண்ணு."

அண்ணி பாட்டிலை மேசையில் வைத்தாள். வைக்கும் முன் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டதை குட்டி இப்போதுதான் கவனித்தாள். வீட்டிலும் இப்படித்தான் செய்கிறாளோ? அடுப்பு மேடையில், படியில்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு பார்க்காமல்போனோமே என்று இருந்தது.

"டாக்டர்கிட்ட போயாச்சு. கண்ணாடி போட்டாலும் சரியாகாதாம். மெதுவாத்தான் குறையுமாம். மருந்து ஊத்திட்டுத்தான் இருக்கேன். உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதே. அவரு எப்ப எப்பன்னு காத்துக்கிட்டிருக்காரு, என்னைய வீட்டுல உக்கார வைக்க."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? உருட்டுப் பட்டையாவது விட்டு வெச்சிருப்பேன்."

"நீ அவ்ளோ ஆசையா செஞ்சு கொண்டாந்தே. பாதிதான் தெரியுதுடின்னு எப்படிச் சொல்றது?" அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் புள்ள அழுத சத்தம் இன்னும் காதுலயே இருக்கு குட்டி. நான் அந்த ஆளுகிட்ட, 'டிக் பண்ணிட்டேன், இதோ வந்துடுவாங்க'ன்னு சொன்னேன்."

அண்ணி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தாள்.

குட்டி தன் மேசைக்குத் திரும்பினாள். திரையின் அளவைக் கண்டுபிடித்து, அதற்குள் அடங்கும்வரை படிவத்தைத் தானாகச் சுருக்கிக்கொள்ளும்படி செய்யலாம். சின்ன வேலை அது. செய்தும் பார்த்தாள். அண்ணியின் திரையில் இரண்டு பத்தியும் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன, எறும்பு வரிசை மாதிரி. எழுத்தும் கூடவே சுருங்கிவிட்டது. அண்ணி மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள். குட்டி அதை அழித்தாள்.

எழுத்து சுருங்கக் கூடாது, படிவமும் வெளியே போகக் கூடாது என்றால் கேள்விகள்தான் குறைய வேண்டும். போனில் ஒருவர் மூச்சு வாங்கப் பேசும்போது ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று எதற்குக் கேட்க வேண்டும்? கட்டடத்தின் பெயரிலிருந்து கணினியே அதையும் விலாசத்தையும் எடுத்துக்கொள்ளும். குறிப்பை அழைப்பு முடிந்த பிறகு வேறொரு பக்கத்தில் எழுதலாம். ஒவ்வொன்றாகக் கழிக்கக் கழிக்க, தான் அழகு என்று நினைத்ததில் முக்கால்வாசி இடம் அடைப்பதற்காகவே இருந்தது என்று பட்டது. கடைசியில் மிஞ்சியவை மூன்றே. எல்லாவற்றுக்கும் மேலே, திரையின் முழு அகலத்துக்கும், 'உள்ளே ஆள் இருக்கிறாரா?' என்பதை வைத்தாள். ஆம் என்றால் அந்தப் பட்டை முழுவதும் சிவப்பாகும். கீழே கட்டடம். அதற்கும் கீழே தொலைபேசி.

சாயங்காலம் மேலாளர் வந்து பார்த்தபோது புதுப் படிவம் மூன்று திரைகளிலும் ஏறியிருந்தது; அறையில் எல்லோரும் இருந்தார்கள். அடுத்த வேலைக்காகக் காத்திருந்த மெக்கானிக், வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, ஒண்ணாங்கிளாஸ் புத்தகம் மாதிரி?"

"எந்தத் திரையா இருந்தாலும் வெட்டுப்படக் கூடாது சார்."

"எந்தத் திரை? மூணும் ஒரே அளவுதானே. நானே கடையில நின்னு வாங்கினேன்."

குட்டி ஒரு பதில் யோசித்து வைத்திருந்தாள். வரும் மாதம் யாராவது மடிக்கணினி கொண்டுவந்தால் என்று ஆரம்பிக்கும் பதில். வாயைத் திறப்பதற்குள் அண்ணி நாற்காலியைத் திருப்பினாள்.

"அவளைக் கேக்காதீங்க சார். நான்தான் எழுத்தைப் பெருசாக்கி வெச்சிருக்கேன். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. காலையில குத்துமதிப்பா டிக் போட்டது நான்."

பக்கத்து மேசைகளில் தட்டுகிற சத்தம் நின்றது. மேலாளர் எதையோ சொல்ல ஒரு விரலைத் தூக்கினார்.

அண்ணியின் போன் அடித்தது. பழக்கத்தில் கை போய் எடுத்துவிட்டது.

"சொல்லுங்க... உள்ள ஆள் இருக்காங்களா?"

பட்டை சிவப்பானது.

"எந்தக் கட்டடம்?... சரி. அழாதீங்கம்மா, காத்து வரும். பேக்கைக் கீழ வெச்சிட்டு அது மேல உக்காந்துக்கங்க."

அவள் தட்டத் தட்டக் கட்டடத்தின் பெயர் ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் ஏறியது. யாரும் எதையும் சொல்வதற்கு முன்பே, வாசலில் டீ கிளாஸை ஜன்னல் திட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. மெக்கானிக் அங்கிருந்தே படித்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் படிக்கட்டில் தடதடவென்று இறங்கும் காலடிகள். மேலாளர் தூக்கிய விரலை இறக்காமல் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி ரிசீவரை இன்னும் அழுத்தமாகக் காதோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"உங்ககூட வேற யாராவது இருக்காங்களா?... அவங்ககிட்ட போனைக் குடுங்க, நான் பேசுறேன்."