மூன்று லோடு மண்

நான் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். இடித்த கட்டடத்தின் குப்பை, தோண்டிய மண், உடைந்த செங்கல், எதுவானாலும் சொன்ன இடத்தில் ஏற்றிச் சொன்ன இடத்தில் கொட்டுவேன். என்ன ஏற்றுகிறோம் என்று மண்டையைக் குடைந்துகொள்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அப்படி யோசிக்கிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் மகள் நாலாம் வகுப்பு. ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். அதனால் வீட்டில், தெருவில், பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் வாலு. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அப்பா, எங்க ஸ்கூல்ல தோட்டம் போடறோம். பின்னாடி எல்லாம் சிமெண்டுத் தரை. டீச்சர் செங்கல் வச்சு பாத்தி கட்டிட்டாங்க, போட மண்ணு இல்ல. உன்கிட்டதான் லாரி லாரியா இருக்கே?"

அவள் கேட்ட நேரம் அப்படி. அந்த வாரம்தான் பழைய பேட்டரி தொழிற்சாலை ஒன்றை இடித்து, அதன் பின்முற்றத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண் கறுப்பாக, கட்டியே இல்லாமல் மாவு மாதிரி இருந்தது. ஊருக்கு வெளியே பெரிய பள்ளத்தில் கொட்டச் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர். போய்வர இரண்டு மணி நேரம். பள்ளிக்கூடமோ இரண்டு தெரு தள்ளி. கறுப்பு மண் நன்றாக விளையும் என்று எவனோ எப்போதோ சொன்னது ஞாபகத்தில் இருந்தது. மூன்று லோடு கொட்டினேன். சூப்பர்வைசரிடம் பள்ளத்தில் கொட்டிவிட்டதாகச் சொன்னேன்.

டீச்சர் ஒரு கை அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்ல மண்ணா இருக்கே! எங்கேருந்துங்க?"

"ஒரு சைட்ல தோண்டினதுங்க" என்றேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நல்ல டீச்சர் அவர். புத்தகத்தில் படம் பார்த்துச் செடியைப் படிக்கக் கூடாது என்பார். கையுறை கேட்ட ஒரு அம்மாவிடம், "மண்ணைத் தொட்டாத்தாங்க புள்ளைங்களுக்குப் பயம் போகும்" என்று சிரித்தார். ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, பார்த்ததை எல்லாம் எழுத வைத்தார். முதல் பக்கத்தில் விதை எங்கிருந்து வந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, மண் எங்கிருந்து வந்தது என்று மூன்று வரி. முப்பத்திரண்டு நோட்டிலும் மூன்றாவது வரி ஒன்றுதான்: வாலுவின் அப்பா. பெற்றோர் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் கை தட்டியதில்லை. இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

தோட்டம் கண்ணைப் பறித்தது. பிள்ளைகள் ஸ்கேல் வைத்து இலையை அளந்தார்கள், விதையை எண்ணிக் கணக்குப் படித்தார்கள். முள்ளங்கியைப் பிடுங்கிச் சட்டையில் ஒரு துடை துடைத்துவிட்டு அப்படியே கடித்தார்கள். எல்லோரையும்விட அதிகம் தின்றது என் மகள்தான். கேட்டால், "எங்கப்பா மண்ணுல வெளஞ்சது" என்பாள்.

மூன்றாம் மாதம் வாலு அடங்கிப்போனாள். ஓட்டம் இல்லை, சண்டை இல்லை. பள்ளிவிட்டு வந்தால் சுவரோரம் சாய்ந்துகொண்டாள். "பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சுங்க" என்றாள் என் மனைவி. நானும் சந்தோஷப்பட்டேன். டிவியை நிம்மதியாகப் பார்க்க முடிகிறதே என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பிறகு வயிற்றுவலி. பிறகு, தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற ஏழாம் வாய்ப்பாட்டில் பாதியில் நின்று முழித்தாள். ஒரு திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டர் எங்களை உட்கார வைத்தார்.

"ரத்தத்துல ஈயம் இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல. வீட்டுல பழைய பெயிண்ட் உதிருதா? யாராவது பேட்டரி வேலை பாக்கறீங்களா?"

"இல்ல டாக்டர், இவர் லாரி ஓட்டறார்" என்றாள் மனைவி.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. டாக்டர் தொடர்ந்து பேசினார். அதே பள்ளியிலிருந்து இன்னொரு பெண்ணும் இப்படி வந்திருக்கிறாளாம். குடிநீர்க் குழாயாக இருக்கும், பள்ளிக்கு எழுதுகிறேன் என்றார். நான் தலையாட்டினேன்.

மறுநாளே பள்ளியில் குழாயை மூடினார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். தோட்டத்துக்கு ஊற்றவும் வெளியிலிருந்துதான் தண்ணீர் வந்தது. தோட்டத்தை யாரும் சந்தேகப்படவில்லை. வெள்ளிக்கிழமை அறுவடை நாள், எல்லோரும் சேர்ந்து சாப்பிடப்போகிறார்கள் என்று வீட்டுக்குச் சீட்டு வந்தது. அன்றைய முதல் முள்ளங்கியைப் பிடுங்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் வாயைத் திறக்கவில்லை. வேலை போகும் என்று பயந்தேன், போலீஸ் வரும் என்று பயந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த முப்பத்திரண்டு நோட்டையும் நினைத்துப் பயந்தேன். வாலுவுக்கு மட்டும், "வயிறு சரியாகற வரைக்கும் தோட்டத்துல எதுவும் தின்னாதே" என்றேன். என் பிள்ளையை மட்டும் காப்பாற்றப் பார்த்தேன். நான் கோழை. வேறு நல்ல பெயர் கிடையாது.

வெள்ளிக்கிழமை பாத்தியைச் சுற்றிப் பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள். குனிந்து பிடுங்கினேன். வேரிலிருந்து கறுப்பு மண் என் செருப்பில் உதிர்ந்தது.

"அப்பா, எனக்கு! வயிறு சரியாயிடுச்சு!" என்று வாலு கை நீட்டினாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் முள்ளங்கியைத் தலைக்கு மேலே தூக்கினேன். விளையாட்டு என்று நினைத்து அவள் எட்டிக் குதித்தாள். ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான், மூச்சு வாங்கியது, பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மரத்துக்கு மரம் தாவுகிற பிள்ளை.

"யாரும் சாப்பிடாதீங்க" என்றேன். யார் காதிலும் விழவில்லை. மறுபடி கத்தினேன். "சாப்பிடாதீங்க! இது பேட்டரி ஃபேக்டரி மண்ணு!"

அம்மாக்கள் பிள்ளைகளின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினார்கள். ஒருத்தி, அதற்குள் எதையாவது கிள்ளித் தின்றிருப்பானோ என்று மகனின் வாய்க்குள் விரலைவிட்டுத் துப்ப வைத்தாள். டீச்சர் மட்டும் அசையவில்லை.

"எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"திங்கட்கிழமைலேருந்து."

அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "செவ்வாக்கிழமை ஆளுக்கு ஒரு முள்ளங்கி குடுத்தேன்" என்றார். "நேத்து கீரை. நானே கழுவிக் குடுத்தேன்." அதற்குமேல் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

முப்பத்திரண்டு பேரில் இருபத்தேழு பேர் ரத்தத்தில் ஈயம் இருந்தது. சிலருக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ரத்தத்திலிருந்து குறைக்கலாம், மூளையைத் தொட்டதைத் திருப்ப முடியாது என்றார் டாக்டர். யாருக்கு எவ்வளவு தொட்டிருக்கிறது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. வீட்டில் மனைவி என்னோடு பேசுவதில்லை. "சாப்பாடு வச்சிருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்று வாலுவிடம்தான் சொல்லுவாள். பாதி நேரம் வாலு அதையும் மறந்துவிடுகிறாள்.

மண்ணை அள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. விஷயம் கேள்விப்பட்டு எந்த டிரைவரும் வரவில்லை. என்னை வேலையைவிட்டு நீக்கியிருந்த முதலாளி, இதற்கு மட்டும் லாரிச் சாவியை என்னிடம் தூக்கிப் போட்டார். முகமூடி, கையுறை போட்ட ஆட்கள் பாத்தியை அடிவரை சுரண்டினார்கள். மூன்று லோடாகப் போனது, செங்கல்லும் செடியும் சேர்ந்து நாலு லோடாகத் திரும்பியது.

கடைசி லோடோடு வெளியே வந்தபோது கேட்டுக்கு அந்தப்பக்கம் வாலு நின்றிருந்தாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"எல்லா மண்ணையும் எடுத்தாச்சாப்பா?"

"எடுத்தாச்சு கண்ணு. ஒரு பொட்டு விடல."

அவள் பின்னால் இருந்த லோடைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நாங்க தின்னது?"

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. நான் கியரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.