டம்ளரில் ஊறிய பூ

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல. சமையலறையில் கழுவிக் கவிழ்த்த ஒரு டம்ளரிலிருந்து கிடைத்தது. கழுவியவர் என் மாமா, அக்காவின் கணவர். அதில் ஊறிக்கொண்டிருந்தது, இன்னும் யாரும் பெயர் வைக்காத ஒரு செடியின் பூ.

தொடக்கத்தை எழுதி எழுதி அடித்தேன்.

(மலைச்சரிவில் பனி விலகியபோது அந்தப் பூ மெல்லத் தன் இதழ்களை...

வேண்டாம். பனி விலகியதை நான் எங்கே பார்த்தேன்? மாடி அறையில் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பேன்.)

(அக்கா வெடித்து அழுதாள். மாமா...

இதுவும் பொய். அக்கா அழவில்லை. அழுதிருந்தால் மாமாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.)

2

அக்காவைச் சொல்லாமல் கதை நகராது. காய்ந்த செடிகளைத் தாளில் தைத்து அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் ஒரு காப்பகத்தில் அவளுக்கு வேலை. யாராவது ஒரு கிளையை நீட்டினால் புரட்டிப் பார்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, இது இன்னது என்று சொல்லிவிடுவாள். சேர்ந்த நாளிலிருந்து அடுத்தவர்கள் பெயர் வைத்த செடிகளுக்கே காவல். சில மாதங்களுக்கு முன்புதான் அவளே மலையிலிருந்து கொண்டுவந்த ஒரு கிளை எந்த அலமாரியில் இருந்த எதோடும் ஒத்துப்போகவில்லை. பிரசவ வார்டு வாசலில் நிற்பவளைப் போல வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். (இந்த வரியை எடுக்கச் சொன்னாள். "அளக்க முடியாததை எழுதாதடி" என்பது அவள் கட்சி. நான் எடுக்கவில்லை.)

புதுச் செடி என்று அறிவிக்க, அதை விவரித்து ஓர் ஆய்விதழில் எழுத வேண்டும். இலை எவ்வளவு நீளம், காம்பில் மயிர் உண்டா, இதழின் நுனி கூரா மழுங்கலா. 'அழகான' என்ற சொல்லுக்கு அங்கே வேலை கிடையாது. பார்க்காததை 'காணப்படவில்லை' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கு அந்த வழக்கத்தின் மேல் பொறாமை உண்டு. 'கதாநாயகியின் மனம் காணப்படவில்லை' என்று நான் எழுதினால் விடுவீர்களா?

ஆனால் ஒன்றை மட்டும் அப்படி விட முடியாது என்று ஆய்விதழ்க்காரர்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். சூலகம், அதாவது பூவின் அடியில் பிற்பாடு காயாகப் போகிற பகுதி, அதற்குள் எத்தனை அறைகள்? அது தெரியாமல் இந்தச் செடி எந்த வகையறா என்று சொல்ல முடியாதாம். காயை அறுத்தாலும் தெரியும்தான். ஆனால் அக்கா பார்த்தவரை அந்தப் பூக்கள் காய் பிடிக்காமலே உதிர்ந்தன. ஒரு பூச்சிகூட அவற்றை எட்டிப் பார்க்கவில்லை. இதற்குள் வேறொரு குழுவும் அதே செடியைப் படமெடுத்து வைத்திருப்பதாகப் பேச்சு அடிபட்டது. யார் முந்துகிறார்களோ அவர்கள் வைப்பதுதான் பெயர்.

மலையில் பூக்கும் காலம் முடிந்துகொண்டிருந்தது. அவளிடம் இருந்தவை இரண்டே பூக்கள். ஒன்று காப்பகத் தாளில் தைத்த கிளையோடு இருந்தது. இந்தச் செடிக்கு அந்தத் தாள்தான் சாட்சி, அதில் கத்தி வைக்க அவளுக்கு மனம் வராது. மற்றது உதிரி. அதைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

3

காய்ந்த பூவை அப்படியே அறுத்தால் பொடிந்துவிடும். வெந்நீரில் போட்டு ஊறவைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே இறங்குவதற்காக ஒரு சொட்டு சோப்பும் விடுவார்கள்.* அக்கா ஊறவைத்துவிட்டு பிளேடு எடுக்க உள்ளே போனாள்.

* இந்த ஒரு சொட்டு சோப்பைக் கவனியுங்கள். வெறும் வெந்நீராக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மாமா லிப்ட் பழுது பார்ப்பவர். நாளெல்லாம் கிரீஸில் கை வைத்திருப்பவருக்கு வீட்டில் ஒரு பாத்திரம் அழுக்காகக் கிடந்தால் பொறுக்காது. டம்ளரில் சோப்புத் தண்ணீர், அடியில் பழுப்பாக ஏதோ சக்கை. யாராக இருந்தாலும் அவர் செய்ததைத்தான் செய்திருப்பார்கள்.

"ஏங்க, இங்க ஒரு டம்ளர் இருந்துச்சே?"

"கழுவி வச்சுட்டேம்மா. பளிச்சுன்னு இருக்கு பாரு."

அதன்பிறகு அக்கா திட்டவில்லை, கத்தவில்லை. சாப்பாடு போட்டாள், அவர் சட்டையை மடித்து வைத்தாள், கேட்டால் மட்டும் ஒரு வார்த்தை பேசினாள். மறுநாள் மாமா மாடியேறி என்னிடம் வந்தார்.

"கதைக்காரி, உங்கக்காவ என்னை நாலு வார்த்தை திட்டச் சொல்லேன்."

"நீங்களே கேளுங்க மாமா."

"கேட்டேனே. 'தெரியாமதானே செஞ்சீங்க'ங்கறா. அதத்தான் தாங்க முடியல."

4

இங்கே எனக்கு மாமாவின் பாத்திரப்படைப்பில் சந்தேகம் வந்துவிட்டது. அட்டைப்பூச்சி என்றால் ஊரைக் கூட்டுகிற மனிதர், வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தன்னந்தனியாக அந்தச் செடி இருக்கும் மலைக்குப் பேருந்து ஏறுவாரா? என் கதையில் நான் அனுப்பியிருக்க மாட்டேன். என்னைக் கேட்காமல் அவரே போய்விட்டார்.

சாயங்காலம் திரும்பி வந்து, நின்றபடியே சொன்னார். "மலைக்குத்தான் போனேன். பூவே இல்லம்மா. எல்லாம் உதிர்ந்துபோச்சு."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து செலோடேப்பை எடுத்து, ஒரு துண்டு கிழித்து, அவர் நரைத்த மீசையின் ஓரத்தில் ஒட்டி, வெடுக்கென்று உரித்தாள்.

"ஆ! என்ன பண்ற?"

டேப்பைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாப்பாட்டு மேசையில் இருந்த நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தாள். நானும் பிறகு பார்த்தேன். செம்மஞ்சள் உருண்டைகள், மேலெல்லாம் குட்டிக் குட்டி முள்.

"பூ இல்லாம மகரந்தம் மட்டும் எப்படிங்க வரும்?"

கையும் களவுமாகப் பிடிபட்ட மாமா திருதிருவென்று விழித்தார். "ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. பறிக்கத்தான் போனேன். உள்ள ஒரு வண்டு தூங்கிட்டு இருந்துச்சும்மா. உடம்பெல்லாம் மஞ்சப்பொடி. கிட்ட மூஞ்சிய வச்சுப் பாக்கறேன், அது பாட்டுக்குத் தூங்குது. எழுப்ப மனசு வரல. அதுக்காக உன் இத்தன வருஷ உழைப்ப விட்டுட்டு வந்தேன்னு உங்கிட்ட எப்படிச் சொல்வேன்?"

(வண்டை நான் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். நானாக இருந்தால் பட்டாம்பூச்சி வைத்திருப்பேன்.)

அக்கா நிமிர்ந்தாள்.

"உடம்பெல்லாம் பொடியோடவா இருந்துச்சு?"

"ஆமா."

"பூவுக்குள்ளயா?"

"நடுவுல. கட்டிப்புடிச்ச மாதிரி."

"அப்போ அது காய் பிடிக்கும்ங்க." அவள் அவரருகே வந்தாள். "நீங்க பறிச்சிருந்தா பூதான் கிடைச்சிருக்கும். விட்டுட்டு வந்துட்டீங்க, காயே வரலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாமா மீசையைத் தடவிக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை 'காணப்படவில்லை' என்று எழுத முடியாது.

5

காய் முற்றட்டும் என்று காத்திருந்து, இன்று காலை இருவரும் மலைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே போன் எடுக்காது. நான் உட்கார்ந்து முடிவுகளை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

(காய் இருக்கிறது. அக்கா அங்கேயே அதை அறுக்கிறாள். அறைகள் மூன்று... இது நான் அவளுக்குக் கொடுக்க நினைக்கும் பரிசு. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

(ஆடு மேய்ந்துவிட்டது. மொட்டைக் காம்பு மட்டும்...)

(காயோடு திரும்புகிறார்கள். அன்றைக்கே அந்தக் குழுவின் கட்டுரை வெளிவந்துவிடுகிறது, அவர்கள் வைத்த பெயரோடு. அக்கா அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்து...

இதற்குமேல் கை ஓடவில்லை.)

கிளம்பும்போது வாசலில் மாமா கேட்டது என் காதில் விழுந்தது.

"காய் இல்லன்னா என்னம்மா பண்றது?"

"இல்லன்னா இல்ல. அடுத்த வருஷமும் பூக்கும்ல? அப்பவும் நீங்கதான் கூட வரணும்."

கதைக்காரிக்கு இதுவே போதும். செடிக்குப் போதாது என்று எனக்கும் தெரியும். எனவே மலையில் என்ன இருந்தது என்பதை உங்களிடம் விடுகிறேன். காயைக் கொடுங்கள், ஆட்டை விடுங்கள், அந்தக் குழுவையே முந்தவிடுங்கள், உங்கள் இஷ்டம். இவர்கள் இருவரையும் மட்டும் பேருந்தில் ஒரே இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். எனக்கு இவர்களை விட்டால் வேறு யாரும் இல்லை.